குடம் எப்போது கருவியாகிறது?

அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயதில் மணிக்கட்டு முறிந்தது. ஈரத்தில் வழுக்கவில்லை, படியில் தடுக்கவும் இல்லை. தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துவிட்டு எழுந்தாள். தொடை தாங்கவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்தபோது ஊன்றிய கை முறிந்தது. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்த இளம் மருத்துவர், “உடற்பயிற்சியே இல்லாம இருந்திருக்கீங்கம்மா, இனிமேலாவது ஏதாவது செய்யுங்க” என்றார். அம்மா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்: “நாப்பது வருஷமா நான் செஞ்சதுக்குப் பேரு என்னவாம்டீ?”

அந்தக் கேள்விக்குத் தமிழில் இரண்டு பதில்கள் தயாராகப் புழங்குகின்றன. ஒன்று பழம்பெருமை பேசுகிறது: அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும்தான் நம் பாட்டிமாரின் உடற்பயிற்சிக் கூடம், மிக்ஸியும் கிரைண்டரும் வந்ததால்தான் பெண்களுக்கு இடுப்பு வலியும் சிசேரியனும் வந்தன என்கிறது. இன்னொன்று புதுக்காலப் பேச்சு: கூடத்துக்குப் போக வேண்டாம், காசு செலவழிக்க வேண்டாம், தண்ணீர் பாட்டிலும் அரிசிப் பையும் போதும், குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் முப்பது முறை உட்கார்ந்து எழுங்கள் என்கிறது. முதலாவது கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கும். இரண்டாவது கைப்பேசியில் வரும். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும் இவ்விரண்டும் ஒரே இடத்தில் தவறுகின்றன என்பது என் வாதம்.

முதலில் அம்மி. அதில் அரைத்தவர்களுக்குத் தெரியும், அது எடை தூக்கும் பயிற்சியைப் போன்றதல்ல. நேற்று அரைத்த அதே குழவி, அதே குனிவு, அதே கை, நாளைக்கும் அதுவே. உடம்பு ஒரு சுமைக்குப் பழகிக்கொள்ளும். பழகிய பிறகு அந்தச் சுமை அதற்கு மேலும் வலுவைக் கூட்டுவதில்லை. வலு கூட வேண்டுமானால் சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், இடையில் தசை தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள ஓய்வு வேண்டும், செப்பனிடச் சோறும் புரதமும் வேண்டும். பாட்டிக்குக் கிடைத்தது முதல் நாளின் சுமை மட்டும். ஓய்வு நாள் கிடையாது. சாப்பாடு எல்லோரும் சாப்பிட்ட பிறகு. அம்மா நாற்பது வருஷம் இடது இடுப்பில்தான் குடம் சுமந்தாள். வலியும் இடுப்பில் ஒரு பக்கமாகத்தான் தங்கிவிட்டது.

வேலையால் அசையும் உடம்பும், தனக்காக அசையும் உடம்பும் ஒரே பலனைப் பெறுவதில்லை என்று மருத்துவ ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவாக இருந்தன; பிழைப்புக்காக உடலை வருத்தியவர்களுக்கு அதிகமாக இருந்தன. ஏன் இப்படி என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் அவர்கள் முன்வைக்கும் காரணங்களைப் படிக்கும் எந்தப் பெண்ணுக்கும் அவை புதிதல்ல: வேலை நீளமானது, மீண்டும் மீண்டும் ஒரே மாதிரியானது, எப்போது நிறுத்துவது என்பது செய்பவரின் கையில் இல்லை. அந்த ஆய்வு கூலி வேலையைப் பற்றியது. கூலி இல்லாத வேலைக்கு இந்த மூன்றும் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

கோவையில் பி. சபாபதி 1955இல் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கியபோது விடுபட்டது பெண்ணின் தோள்பட்டை. அந்த விடுதலையைத்தான் சோம்பேறித்தனம் என்கிறார்கள். கிணற்றில் மோட்டார் பம்பு வந்ததும் ஏற்றம் இறைத்த ஆண்களின் தோள் வலு போய்விட்டதே என்று யாரும் கட்டுரை எழுதக் காணோம். இயந்திரம் ஆணுக்கு வந்தால் வளர்ச்சி, பெண்ணுக்கு வந்தால் நோய்க்குக் காரணம்.

இந்தப் பழம்பெருமைக்கு எங்கள் ஊரிலேயே ஓர் அழகான மூலம் உண்டு. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அவருடைய ‘குடும்ப விளக்கு’ நூலின் முதல் பகுதி, தங்கம் என்ற பெண்ணின் ஒரே ஒரு நாளைச் சொல்கிறது. விடியுமுன் எழுகிறாள். கோலமிடுகிறாள், யாழ் மீட்டுகிறாள், சமைக்கிறாள், பிள்ளைகளைக் கவனிக்கிறாள், மாமனார் மாமியாரைப் பேணுகிறாள், கடைக்குப் போய்க் கணவனின் வணிகத்தையும் பார்க்கிறாள். பெண்ணைப் படிக்கச் சொன்ன, கைம்பெண் மணத்தைப் பாடிய ஒரு கவிஞர் படைத்த பெண் இவள். அறிவுள்ளவள், திறமையுள்ளவள், அடிமையல்ல. அதனால்தான் இந்த நூலைக் கறாராகப் படிக்க வேண்டியிருக்கிறது. ‘ஒரு நாள் நிகழ்ச்சி’ என்று பெயர் பெற்ற அந்த நாளில் தங்கம் உடம்பு களைத்து உட்காரும் இடம் எது என்று தேடிப் பாருங்கள். இரவில் கணவனுடன் பேசும்போதும் அவளுக்கு ஒரு குறை இருக்கிறது: பகலெல்லாம் வீட்டுக்கே உழைத்தோமே, தமிழர்க்கு என்ன செய்தோம் என்பது அது. வீட்டுக்குச் செய்தாயிற்று, சமூகத்துக்குச் செய்யவில்லையே என்று வருந்துகிறாள். தனக்கு என்ன செய்துகொண்டாள் என்ற கேள்வி அவளுக்கும் எழவில்லை, கவிஞருக்கும் எழவில்லை. அவள் உடம்பு ஓயாமல் இயங்குகிறது என்பதே அவள் உடம்பு நன்றாக இருப்பதற்குச் சான்றாகிவிடுகிறது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இளம் மருத்துவர் அதையே தலைகீழாகச் சொன்னார்: உடம்பு நன்றாக இல்லை, ஆகவே அது இயங்கியிருக்காது.

இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அதே 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த மதிப்பீடு, 2022 நிலவரப்படி இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்றது. ஆண்களில் அது 42 விழுக்காடு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வேலை செய்பவள்தான் இயங்காதவள் என்றும் எழுதப்படுகிறாள். இரண்டு கணக்கும் பொய்யில்லை. அடுப்படியில் நிற்பது, துடைப்பது, அடுக்குவது, யாராவது கூப்பிட்டால் ஓடுவது, மறுபடி நிற்பது. இது ஆளைக் களைப்பாக்கும், வலுவாக்காது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் புதுச்சேரிப் பெண்களில் நூற்றுக்கு 46 பேர் உடல் எடை கூடியவர்கள்; பாதிக்கு மேற்பட்டவர்கள் இரத்த சோகை உள்ளவர்கள். எடை கூடியிருக்கிறது, இரத்தம் குறைந்திருக்கிறது, ஓய்வு இல்லை. இந்த மூன்றும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதை அம்மாவின் மருத்துவச் சீட்டுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இனி இரண்டாவது பதிலான அரிசிப் பை. இதை நான் கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. தசைக்குப் பித்தளைக் குடமும் இரும்புத் தட்டும் ஒன்றுதான். எடை எங்கிருந்து வருகிறது என்று அது கேட்காது. குறைந்த எடையையும் தசை ஓயும்வரை தூக்கினால் தசை வளரும் என்று ஆய்வுகள் இருக்கின்றன. கேலிக்குரியது அரிசிப் பையைச் சுற்றிக் கட்டப்படும் பேச்சு. மகன் தசை வளர்க்க மாதக் கட்டணம் கட்டிக் கூடத்துக்குப் போகலாம். அம்மாவுக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. பெண்களுக்கென்று மதிய நேரத்தை மட்டும் ஒதுக்கும் கூடங்களும் உண்டு. அது வேலைக்குப் போகிறவளுக்கும் ஆகாது, வீட்டில் இருக்கிறவளுக்கும் ஆகாது. ‘வீட்டிலேயே செய்யலாம்’ என்பது மெல்ல ‘வீட்டிலேயே செய்’ ஆகிவிடுகிறது. பிறகு ‘வீட்டு வேலைக்கு நடுவே செய்’ என்றாகிறது. சட்டியைக் கிளறிக்கொண்டே குதிகாலைத் தூக்கு, துணி காயப்போடும்போதே குனிந்து நிமிர் என்றெல்லாம் சொல்லும் காணொளிகளில் பெண்ணுக்கென்று ஒரு நிமிடம்கூடப் புதிதாக ஒதுக்கப்படுவதில்லை. அவளுடைய 289 நிமிடத்துக்குள்ளேயே உடற்பயிற்சியும் திணிக்கப்படுகிறது.

எடையிலும் ஒரு குறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் பயிற்றுநரின் கண்காணிப்பில், வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், உண்மையிலேயே கனமான எடையைத் தூக்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாதம் கழித்து, கனம் தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியிருந்தது. வீட்டில் லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்திருந்தது. வயதான பெண் என்றாலே அரைக் கிலோ, ஒரு கிலோ என்று மரியாதையாகக் கையில் கொடுக்கும் வழக்கத்தை இந்த ஆய்வு கேள்வி கேட்கிறது. முப்பது கிலோ வரும் நிறை சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்படிக்கு உருட்டிச் செல்பவளிடம் எடை கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அதே பெண் தனக்காக எட்டுக் கிலோ தூக்கினால், “இந்த வயசுல எதுக்கும்மா?” என்கிறோம். வயது ஒரு தடையே இல்லை என்பதை 1990இலேயே பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் காட்டிவிட்டார்கள். ஏறத்தாழ 90 வயதான பத்துப் பேர் எட்டு வாரம் தொடைக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். முடித்த ஒன்பது பேரின் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது.

அப்படியானால் குறை பொருளில் இல்லை. எங்கே என்பதற்கு எங்கள் ஊரின் இரண்டு வரலாறுகளிலிருந்து எனக்கு விடை கிடைத்தது.

முதலாவது, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ளது. 1940களின் நடுவில் அரவிந்தர் ஆசிரமத்தில் உடற்கல்வி தொடங்கியது. விரைவிலேயே பெண்களும் அரைக்கால் சட்டையும் முடியை அடக்கும் துணித்தொப்பியும் அணிந்து மைதானத்தில் இறங்கினார்கள். அப்போது நம் வீடுகளில் வயதுக்கு வந்த பெண் ஓடுவதே குற்றம். ஸ்ரீ அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபாசா எழுபது வயதைத் தாண்டியும் டென்னிஸ் ஆடினார். 1960இல் இளம் பெண்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னபோது, உடற்கல்வியில் ஆணுக்கொரு இலட்சியம், பெண்ணுக்கொரு இலட்சியம் இருக்க வேண்டியதில்லை என்றார். பழகிய பயிற்சியை மாதவிடாய்க்காக விட வேண்டாம் என்றார். ஆசிரமத்தின் ஆன்மிகத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. என் கண்ணில் பட்டது வேறொன்று. அங்கே சமையல் பொதுவான உணவுக்கூடத்தில் நடந்தது. மாலையில் மைதானத்துக்குப் போகும் பெண்ணுக்காக ஒரு தனி அடுப்பு காத்திருக்கவில்லை. கொள்கையோடு நேரமும் சேர்ந்து கொடுக்கப்பட்டதால்தான் அந்தப் பெண்களால் ஓட முடிந்தது. அந்த நேரம் ஆசிரமத்துக்குள் இருந்தவர்களுக்கே வாய்த்தது. வாய்க்காலுக்கு மேற்கே இருந்த வீடுகளில் பெண்கள் அப்போதும் ஆளுக்கொரு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வரலாறு அதற்கும் பத்தாண்டு முந்தையது. எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காகப் போராடிய புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை நினைவுகூர்கிறோம். ஒரு நாளில் வேலை எந்த மணியில் முடிகிறது என்பது உயிரைக் கொடுத்துக் கேட்கத் தகுந்த கேள்வி என்பதை இந்த ஊர் அறியும். ஆலைச் சங்கு ஊதியதும் வேலை முடிந்தது. ஆனால் வீட்டுக்குச் சங்கு கிடையாது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அம்மாவும் நானும் தொடங்கினோம். கட்டுப் பிரித்த பிறகு இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு நான்கு அசைவுகளை எடுத்துக்கொண்டோம்: எழுவது, தள்ளுவது, இழுப்பது, தூக்கி நடப்பது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது முதலாவது. சுவரில் கை வைத்து உடம்பைத் தள்ளுவது இரண்டாவது. அது சுலபமானதும் சமையல் மேடை, பிறகு இன்னும் தாழ்வான திண்ணை. பழைய சைக்கிள் ட்யூபை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது மூன்றாவது; ட்யூபில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நான்காவதுக்கு இரண்டு வாளி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. லிட்டர் படியால் அளந்து ஊற்றினால் நினைத்த எடை கிடைக்கும். அடுத்த வாரம் ஒரு படி கூட்டலாம். இரண்டு கையிலும் சம எடை, முதுகு நிமிர்ந்து, மூச்சை அடக்காமல் வாசல்வரை நடை. பழைய குடம் ஒரு பக்கமாகவே இழுத்தது. இது இரண்டு பக்கமும் சமமாக இழுக்கிறது. கருப்பை இறக்கமோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் எடையைத் தொடுமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது. நம் வீடுகளில் இறக்கத்தை வெளியே சொல்லாமல் குடம் தூக்கிக்கொண்டிருக்கும் பெண்கள் நிறையப் பேர்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. இரண்டு நாள் என்பது எங்களுக்குச் சிறியதாகத்தான் தோன்றியது. செவ்வாயும் சனியும், மாலை ஐந்து மணி. எடை தூக்குவதில் சிரமம் வரவில்லை, நடுவில் உட்காருவதில்தான் வந்தது. எட்டு முறை எழுந்த பிறகு இரண்டு நிமிடம் ஓய்வு, பிறகு மறுபடி எட்டு. அந்த இரண்டு நிமிடமும் பயிற்சியின் பகுதி. அது இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் தசையால் முழு வேலை செய்ய முடியாது. முதல் நாள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து அப்பாவின் குரல்: “சும்மாதானே உக்காந்திருக்க, ஒரு காபி போடேன்.” அம்மாவும் எழுந்துவிட்டாள். பழக்கம் அப்படி. நான் தடுத்ததும், “ரெண்டு நிமிஷம்தானேடீ, அதுக்குள்ள போட்டுடுவேன்” என்றாள். அந்த இரண்டு நிமிடத்துக்காக அன்று வீட்டில் அரை மணி நேரம் சண்டை நடந்தது.

அம்மாவின் முதல் கேள்விக்கு அந்தச் சண்டையில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. நாற்பது வருஷமாக அவள் செய்ததன் பெயர் உழைப்பு. அதற்குக் கூலி கொடுக்கவில்லை, உடற்பயிற்சி என்று பெயர் மாற்றிவிட்டால் கொடுக்க வேண்டியதும் இல்லை. இடுப்பில் இருந்த குடமும் இப்போது கையில் இருக்கும் வாளியும் ஒரே தண்ணீரைத்தான் சுமக்கின்றன. எவ்வளவு ஊற்றுவது, எப்போது கீழே வைப்பது, வைத்தபின் எவ்வளவு நேரம் உட்காருவது என்பதை அவள் முடிவு செய்யும்போது குடம் கருவியாகிறது. அதை வேறொருவர் முடிவு செய்தால் விலையுயர்ந்த டம்பெல்லும் இன்னொரு குடம்தான்.

ஆகவே வீட்டில் வலுவைக் கட்ட விரும்பும் பெண்களுக்கு என் யோசனை, அரிசிப் பையைத் தேடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள் என்பதுதான். வாரத்தில் இரண்டு அரை மணி நேரத்தை வீட்டார் எல்லோருக்கும் தெரியச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குரிய காபியை யார் போடுவார்கள் என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். முட்டையோ மீனோ பயறோ உங்கள் தட்டில் முதலில் விழட்டும். அதன் பிறகு எடை எதுவாகவும் இருக்கலாம்.

ஐந்து மாதம் ஆகிறது. அம்மா இப்போது ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பன்னிரண்டு முறை எழுகிறாள். போன வாரம் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டுக் கை ஊன்றாமல் எழுந்தாள். நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக் காபியை அப்பா போடுகிறார். சர்க்கரை எப்போதும் கூடிவிடுகிறது. அம்மா குடித்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை.